நிறுவைக்குக் கூப்பிடுகிறவள்

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழு வகுப்பு. கோட்டயத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் வந்திருந்தார். சுவரில் 'மனநிறைவு தரும் மாற்றுத் தொழில்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று ஆனதிலிருந்து இப்படி யாராவது வந்து எங்கள் மனத்தை நிறைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் காளான் வளர்ப்பு.

ஒவ்வொருவராக எழுந்து பேரும் திறமையும் சொல்ல வேண்டுமாம். நான் எழுந்து, "டின்சி. கல்யாணமாகி வந்ததுலேருந்து கொழுந்து எடுக்கிறேன். திறமைன்னு தனியா ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன். பின்னாலிருந்து பக்கத்து வீட்டுச் செபமாலையக்கா, "தொண்டை இருக்குல்லா, அத எழுதிக்கிடுங்க" என்றாள். கூடமே சிரித்தது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கங்காணி சுவக்கீன் மாமாவுக்கு இளைப்பு. அவர் விசில் ஊதினால் அவருக்கே கேட்காது. அதனால் பறித்த கொழுந்தை நிறுக்கும் நேரம் வந்தால் நான்தான் குரல் கொடுப்பேன். "நிறுவைக்கு வாங்கோ" என்று ஒரு இழுப்பு இழுத்தால் எங்கள் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுப் பெண்கள் எல்லாரும் சாக்கைத் தலைக்கு ஏற்றிவிடுவார்கள். எதிர்மலையில் அடுத்த தோட்டத்துக்காரிகளும் ஏற்றிவிடுவார்கள். அவர்கள் கங்காணி ஒருமுறை புகார் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் ஒரு வேலை என்று யாரும் சொன்னதில்லை. சம்பளமும் கிடையாது.

தினமும் நாலு வரி எழுதுங்கள், உங்களைத் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள் என்றார் டீச்சர். எது சந்தோஷம் தருகிறது என்று எழுதிக்கொண்டே வந்தால் வழி தானாகத் தெரியுமாம். சரி. எனக்கு எது சந்தோஷம்? மழை நாளில் காட்டுக்குப் போகாமல் போர்த்திப் படுப்பது. இதில் ஒரு தொழில் இருந்தால் நாளைக்கே சேர்ந்துகொள்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. சந்தோஷம்.

ஜூலை 27, ஞாயிறு

மாற்றுத் தொழில் ஆராய்ச்சி.

தையல் — எங்கள் லயத்தில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு தையல் மிஷின் உண்டு. முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் கொடுத்தது. எல்லாவற்றின் மேலும் துணி விரித்து டிவி வைத்திருக்கிறோம். காளான் — முதல் அறுவடையை நாங்களே வதக்கித் தின்றுவிட்டோம். இரண்டாவது அறுவடை வரவேயில்லை, கோபித்துக்கொண்டது போலிருக்கிறது. ஹோம்ஸ்டேயில் சமையல் — ஒரு நாள் போனேன். தோட்டத்துச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். கருவாடு பொரித்தேன். சென்னைக்காரர்கள் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் ஜின்சனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர். சுற்றுலாக்காரர்களை வியூ பாயின்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். மேகம் வந்தால் வியூ இல்லை, வியூ இல்லாவிட்டால் சவாரி இல்லை. அப்படிப்பட்டவர் எனக்குப் புத்தி சொல்கிறார்: "எந்தத் தொழில் வேணும்னாலும் செய். ஆனா பேரை மட்டும் வெட்டிராத."

அதுதான் எல்லாவற்றிலும் வந்து முட்டுகிற சுவர். லயத்து வீடு என் பேரில். ஆபீஸ் ஆள் பதிவேட்டில், செக்ரோலில், என் பேர் இருக்கும்வரைதான் இந்த ஒரு அறையும் அடுப்படியும் எங்களுக்கு. பேரை வெட்டினால் சாவியைக் கொடுக்க வேண்டும். மகள் ஜோமோள் பிளஸ் டூ படிக்கிறாள். பரீட்சை மார்ச்சில். அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போக? டீச்சர் இதற்கு ஒரு பேனரும் கட்டவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். சப்பரம் கோயிலுக்குத் திரும்பும்போது கரன்ட் போய்விட்டது. மைக் செட்காரர் பினு ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார், அது இருமுகிறதே தவிர எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நேர்ச்சைச் சாப்பாடு தயார். சனமோ மேட்டிலும் பள்ளத்திலும் சிதறி நிற்கிறது. பங்குச் சாமியார் அச்சன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். செபமாலையக்கா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

வழக்கமான இழுப்புத்தான். "சாப்பாட்டுக்கு வாங்கோ." முதல் பந்தியில் இடம் போதவில்லை. எதிர்மலையிலிருந்தும் நாலைந்து பேர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள். அது கட்டுக்கதை என்று நினைக்கிறேன்.

பினு ஜெனரேட்டர் பக்கத்தில் கருப்பான கைகளோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பினு வீட்டுக்கு வந்தார். வண்டிப்பெரியார் டவுனில் கடை. கல்யாணம், கோயில், கட்சி எதற்கும் அவர் மைக்தான். நாற்காலியில் உட்காரவில்லை, வாசலில் நின்றே பேசினார். "சேச்சி, எனக்கு மலையாளத்தில சொல்ல ஆளுண்டு. தமிழும் மலையாளமும் ரெண்டும் சொல்ல ஆளில்ல. லீவு நாள்ல மட்டும் வந்தா மதி. ஓணத்துக்கு ஒரு துணிக்கடை விளம்பரம். ஜின்சன்டெ ஜீப்பிலேயே செட் கட்டலாம்."

ஜின்சன் நிதானமாகக் கேட்டார்: "என் ஜீப்புல என் பொண்டாட்டி கத்துறதுக்கு நீங்க எனக்கு வாடகையும் தருவீங்களா?"

"தரும்."

"பினு, இத்தன வருஷம் நான் இத இனாமாவுல்லா கேட்டுக்கிட்டிருந்தேன்."

ஜோமோள் புத்தகத்துக்குப் பின்னால் சிரித்தாள். தகப்பனும் மகளும் ஒரு கட்சி.

ஆகஸ்ட் 30, சனி

மானம் போயிற்று. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இன்று மட்டும் காட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தேன். டவுனில் நன்றாகவே போயிற்று. "ஓணக் கோடி எடுக்க வாருங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். டீக்கடைகளில் ஆட்கள் தலையைத் திருப்பினார்கள். எனக்கு ஒரே குஷி. அடுத்த வார்டுக்குப் போக ஜின்சன் குறுக்கு வழியில் விட்டார். குறுக்கு வழி எங்கள் தோட்டத்துக்குள் போகிறது.

ஏழாம் நம்பர் வளைவில் நல்ல காற்று. நான் இன்னும் உற்சாகமாக இழுத்தேன். சற்று நேரத்தில் ஜின்சன் பிரேக் போட்டார். "மேல பாரு புள்ள."

மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக எழும்புகிறது. ஒவ்வொரு தலையிலும் ஒரு சாக்கு. வரிசை வரிசையாக நிறுவைக் கொட்டகையைப் பார்த்து இறங்குகிறார்கள். நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மலையில் வார்த்தை யாருக்குக் காதில் ஏறும்? என் குரல் வந்தால் சாக்கைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நான் பதறிப்போய் மைக்கிலேயே, "நிறுவை இல்ல, நிறுவை இல்ல, போங்க" என்று கத்தினேன். அதைக் கேட்டு மிச்சமிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் என்னை ஃபீல்டு ஆபீசர் முன்னால் நிறுத்தினார்கள். அரைச் சாக்குக் கொழுந்தை நிறுத்ததில் அன்றைய கணக்கெல்லாம் குழம்பிப்போனதாம். "டின்சிக்கு வேலைக்கு வரலாம். டின்சியுடெ சப்தம் ஜீப்பில் எஸ்டேட்டுக்குள் வரக்கூடாது" என்று தீர்ப்பு. என் உடம்புக்கு அனுமதி உண்டு, குரலுக்கு இல்லை. சுவக்கீன் மாமா பக்கத்தில் நின்று இருமினார். அது சிரிப்பென்று எனக்குத் தெரியும்.

காட்டில் நாள் முழுக்கக் கேலி. "ஏட்டி, நான் வரிசையில நின்னு தட்டுல சாக்கையும் வெச்சிட்டேன். அப்புறந்தான் ஓணத்துக்கு என்னத்துக்குட்டி நிறுவைன்னு தோணுச்சு" என்றாள் செபமாலையக்கா. "உனக்குக் கூலி குடுத்தான்லா துணிக்கடைக்காரன், எங்களுக்கு ஆளுக்கொரு சேலை வாங்கிக் குடு."

செப்டம்பர் 14, ஞாயிறு

லாட்டரிக் கடைத் திறப்பு, ஒரு கண் பரிசோதனை முகாம். முகாமில் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "நீ சொன்னதாலதான் வந்தேன் தாயி" என்றார். நான் சொன்னது எழுதிக்கொடுத்த நாலு வரி. அதற்காக ஒருவர் மலை இறங்கி வந்திருக்கிறார்.

டீச்சருக்குச் சொல்ல வேண்டும். எது சந்தோஷம் என்று ஒன்று தெரிந்துவிட்டது. நான் கூப்பிட்டால் ஆள் வருவது.

அக்டோபர் 9, வியாழன்

ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இரண்டு வருடமாக வதந்தியாக இருந்தது இப்போது காகிதமாகிவிட்டது. தோட்டம் கைமாறுகிறது. டிசம்பர் 31க்குள் தாங்களாகப் பேர் வெட்டுகிறவர்களுக்குச் சேரவேண்டியது எல்லாம் உடனே கிடைக்கும், வீட்டில் மார்ச் கடைசிவரை இருக்கலாம். வெட்டாதவர்கள் புது முதலாளியைப் பொறுத்து.

அந்தப் 'பொறுத்து'க்கு ஆளுக்கொரு அர்த்தம். புதியவர் எல்லாரையும் வைத்துக்கொள்வார் என்கிறான் ஒருவன். லயத்தை இடித்து ரிசார்ட் கட்டுவார் என்கிறான் இன்னொருவன். ஏலக்காய் போடப்போகிறார் என்று மூன்றாமவன். மூவரும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சிலிருந்து சொல்கிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும் வழியில் பினு பிடித்துக்கொண்டார். ஜனவரியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்லும் கான்ட்ராக்ட் அவருக்குக் கிடைத்திருக்கிறது. வண்டி நேரமும் நடுநடுவே கடை விளம்பரமும். "தினமும் வேணும் சேச்சி. மாசச் சம்பளம். லீவு நாள் மாத்திரம்னா ஆகாது."

தினமும் என்றால் காட்டுக்குப் போக முடியாது. பேர் வெட்டணும். வீடு போகும்.

ஜின்சனிடம் சொன்னேன். ஒரு கேலியும் வரவில்லை. வெளியே போய் ஜீப்பைத் துடைத்தார். காலையில்தான் துடைத்திருந்தார். எனக்கு அதுதான் பயமாயிருந்தது.

என்ன செய்ய? பினு நாளைக்கே வேற ஆளப் பாத்துட்டார்னா? கான்ட்ராக்ட் ஒரு வருஷத்துல முடிஞ்சிட்டுன்னா? இங்க இருந்தாலும் புது முதலாளி துரத்தினா? — எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு 'னா' நிற்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

பஞ்சாயத்துத் தேர்தல். எங்கள் வார்டில் மூன்று கட்சி, மூன்று பெண் வேட்பாளர்கள். மூன்று பேருக்கும் பினுவின் மைக். மூன்று மைக்குக்கும் நான்.

மூன்று பேரையும் 'உங்கள் வீட்டுப் பெண்' என்று மனமுருகச் சொல்லியிருக்கிறேன். லயத்து வழியாக ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ரெக்கார்டு செய்த என் குரலோடு போகின்றன. தேர்தலுக்கு மட்டும் ஃபீல்டு ஆபீசரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. செபமாலையக்கா துணி காயப்போட்டுக்கொண்டே, "எங்க வீட்டுல மொத்தம் எத்தன பொண்ணுன்னு நீயே ஒரு முடிவுக்கு வாட்டி" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

பிரச்சாரக் கடைசி நாள். ரெக்கார்டு போதாது, நேரில் வேண்டும் என்று மூன்று கட்சியும் பிடிவாதம். டவுன் நாற்சந்தியில் ஜீப்புகள் முட்டிக்கொண்டு நிற்க, செண்டை மேளமும் விசிலுமாக ஒரே இரைச்சல். அதற்கு மேலே கேட்கும்படி சொல்ல வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். மூன்றாவது ஜீப்பில் ஏறி, "அன்பார்ந்த" என்றேன். 'வாக்காளர்' வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

தண்ணீர் குடித்தேன். மறுபடி முயன்றேன். காற்றுத்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். பூத்தில் பேர் கேட்டார்கள், அட்டையைக் காட்டினேன். வெளியே மூன்று கட்சிக்காரர்களும் "யாருக்குப் போட்டே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பேச முடியாமல் போனதில் கிடைத்த ஒரே லாபம்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றும் சத்தமில்லை. வாயடைத்துப் போனதால் டைரிதான் கதி. டீச்சர் கேட்டால் மகிழ்வார்.

ஜின்சன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், கல்யாணம் ஆனதிலிருந்து இப்போதுதான் வானிலை அறிக்கையை முழுசாகக் கேட்டாராம். ஆனால் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துத் தருவதும் அவர்தான்.

காட்டில் சுவக்கீன் மாமா விசில் ஊதினார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை ஊதினார், இளைப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சாக்கைக் கம்பில் கட்டி ஆட்டினோம். எதிர்மலையில் யாரோ பதிலுக்குத் துண்டை ஆட்டினார்கள். செபமாலையக்கா மட்டும் நிறுவை நேரம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கேலியில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

கம்பத்துக்கு இறங்கித் தொண்டை டாக்டரைப் பார்த்தோம். குமுளி மலையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஜெபம் சொன்னேன், மனதுக்குள்.

டாக்டரம்மா கேட்டார்: "என்ன வேலை பாக்குறாங்க?"

ஜின்சன்: "கத்துற வேலை டாக்டர்."

"எங்க கத்துவாங்க?"

"காட்டுல. ஜீப்புல. அப்புறம் பொதுவா."

டாக்டரம்மா என்னிடம் ஒரு டார்ச் லைட்டைக் கொடுத்து, மைக் என்று நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் செய்து காட்டச் சொன்னார். நான் தலையை அண்ணாந்து, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தேன். கழுத்து நரம்பெல்லாம் புடைத்ததாம். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மைக் எதுக்கும்மா வெச்சிருக்காங்க? நீங்க கத்தாம இருக்கத்தான. பக்கத்துல இருக்குறவங்ககிட்ட பேசுற மாதிரிப் பேசினாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கும்."

நான் ஜின்சனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பினுவும் சொல்லவில்லை. மைக் இருந்தால் குரல் இன்னும் தூரம் போகும், அதனால் இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மலையில் பழகிய தொண்டைக்கு வேறு என்ன தெரியும்?

தொண்டைக்குள் முடிச்சு விழுந்திருக்கிறது. ஜீப் கடைசியில் வந்து சேர்ந்த பாவம்தானாம், வருடக்கணக்காகக் காட்டில் கூப்பிட்டதுதான் காரணமாம். மாத்திரை, ஆறு வாரம் ஓய்வு. சரியாகலாம். ஆகாமலும் போகலாம். "ஒண்ணு மட்டும் உறுதி. இனிமே மைக் இல்லாம மலைக்கு மலை கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா இருக்கிறதும் போயிரும்."

ஆறு வாரம் என்றால் ஜனவரி கடைசி. நோட்டீஸ் சொல்வது டிசம்பர் கடைசி.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். எல்லாரும் பாடினார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஜோமோள் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து கோழிக் குழம்பு வைத்தேன். தவளை போல ஒரு சத்தம் வந்தது. "உப்பு" என்றேன். மூன்று பேரும் கைதட்டினோம்.

டிசம்பர் 29, திங்கள்

இன்று சுவக்கீன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பேர வெட்டாத மக்கா. புது மொதலாளி வந்தாலும் உன்ன விடமாட்டான், நான் சொல்லுதேன். தொண்டை சரியாயிட்டுன்னா பழையபடி நீ கூப்பிடு, நான் எழுதிக்கிடுதேன்."

அன்பாகத்தான் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அதைக் கேட்டதும்தான் எனக்குத் தெளிவாயிற்று. இங்கே இருந்தால் நான் கூப்பிடாமல் இருக்க மாட்டேன். நேரமாகும், அவர் விசில் ஊதி மூச்சு வாங்குவார், செபமாலையக்கா என் வாயைப் பார்ப்பாள், நான் கூப்பிட்டுவிடுவேன். தொண்டை போய்விடும். கூப்பிடாமல் வைராக்கியமாக இருந்தால் — அப்படி வாயைக் கட்டிக்கொண்டு இங்கே எதற்கு இருக்க?

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் குரல் வருமா என்று தெரியாது. வராவிட்டால் வீடும் இல்லை, வேலையும் இல்லை. பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஜின்சனிடம் தவளைக் குரலில் சொன்னேன். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டவுன்ல பேக்கரிக்கு மேல ஒரு வீடு இருக்கு. ரெண்டு ரூம். நவம்பர்லேயே பாத்து வெச்சிட்டேன்."

நவம்பரிலா? வாயைத் திறக்காமல் ஜீப்பைத் துடைத்த மனிதன்.

"உன்ன நம்பியெல்லாம் இல்ல" என்றார். "அங்க நெட்வொர்க் நல்லா கெடைக்கும்."

டிசம்பர் 30, செவ்வாய்

பேர் வெட்டிவிட்டேன். கையெழுத்துப் போட்டபோது ஃபீல்டு ஆபீசர், "இனி எஸ்டேட் நிசப்தம்" என்றார். கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது முகம் அப்படி இல்லை.

ஜனவரி 14, புதன்

பினு காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை அவரே அறிவிப்புச் சொல்கிறார். அவர் தமிழைக் கேட்டுச் சபரிமலைச் சாமிமார் இரண்டு பேர் தப்பான வண்டியில் ஏறிவிட்டார்களாம். "வேகம் வா சேச்சி" என்று தினமும் மெசேஜ்.

ஜனவரி 28, புதன்

கம்பம். முடிச்சு சுருங்கியிருக்கிறது. பேசலாம். மெதுவாக மட்டும்.

இந்த 'மெதுவாக' என்பதுதான் கஷ்டம். எங்கள் லயத்தில் அப்படி ஒன்றை யாரும் பழகியதில்லை. இங்கே ரகசியம் சொன்னால் மூன்றாம் வீட்டில் பதில் வரும். ஜோமோள்தான் பயிற்சி டீச்சர். பரீட்சைப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்துகொள்வாள், அப்பா அடுப்படியில். நான் சொல்வது அவளுக்குக் கேட்க வேண்டும், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது. நான் "குமுளி செல்லும் பேருந்து" என்று தொடங்கினால் அடுப்படியிலிருந்து, "எத்தன மணிக்கு?" என்று குரல் வருகிறது. "அம்மா, தோத்துட்டீங்க" என்கிறாள். மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று ஜின்சன் அடுப்படியிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். இருந்தாலும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. ஜோமோள் பரீட்சை முடித்துவிட்டாள். மதியம் சாமானை ஜீப்பில் ஏற்றினோம். தையல் மிஷினைச் செபமாலையக்காவுக்குக் கொடுத்தேன். "இதுக்கு மேல வைக்க எங்கிட்ட ரெண்டாவது டிவி இல்லையேட்டி" என்று வாங்கிக்கொண்டாள். ஜீப் வளைவு திரும்பும்வரை வாசலில் நின்றாள். கையாட்டிச் சத்தமாக ஏதாவது சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 16, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் என் அறை மாடியில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி, மைக், மின்விசிறி. கீழே எல்லாம் தெரியும். என்னை யாருக்கும் தெரியாது. இரண்டு மாதமாகச் சின்னக் குரலில் வண்டி நேரம் சொல்கிறேன். டீக்கடைக்காரர் என்னைக் கொச்சியிலிருந்து வந்த ரெக்கார்டு என்று நினைத்திருந்தாராம்.

இன்று தோட்டத்தில் வேலையில்லாத நாள். புது முதலாளி இன்னும் வந்தபாடில்லை, இப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. காலையில் பார்த்தால் கீழே பெஞ்சில் எங்கள் கும்பலே உட்கார்ந்திருக்கிறது. செபமாலையக்கா நடுவில். ரேஷன் சாமான், மருந்துப் பை, காலடியில் ஒரு கோழிக்குஞ்சுப் பெட்டி. எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரே பேச்சு.

பதினோரு மணி வண்டிக்கு நேரமாயிற்று. எங்கள் தோட்டத்துக்கு அதை விட்டால் சாயங்காலம்தான். தமிழில் சொன்னேன். மலையாளத்தில் சொன்னேன். ஒரு தலை திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். செபமாலையக்கா ஒலிபெருக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ டவுன் பொம்பளை என்பதுபோலப் பேச்சைத் தொடர்ந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

எழுந்து ஜன்னலைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கை ஜன்னல் கொக்கிவரை போய்விட்டது.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். அடுப்படிக்குக் கேட்காத அதே குரலில், பழைய இழுப்பில் சொன்னேன்.

"நிறுவைக்கு வாங்கோ."

பெஞ்சு முழுசாக எழுந்தது. பேச்சைக்கூட நிறுத்தவில்லை, முதலில் பைகள் தலைக்கு ஏறின, கால்கள் வரிசையில் நின்றன, பிறகுதான் வாய் மூடியது. மருந்துக்கடை ஓரத்தில் எனக்கு முன்பின் தெரியாத ஒருத்தியும் தன் மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். எதிர்மலைக்காரியாக இருக்கும்.

செபமாலையக்கா கோழிக்குஞ்சுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப் பக்கம் பார்த்தாள், கோயில் பக்கம் பார்த்தாள். கடைசியில் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். "ஏட்டி டின்சி, இதுக்குள்ளயா இருக்க?"

"வண்டியில ஏறுங்கக்கா" என்று மைக்கில் சொன்னேன்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே கடைசி ஆள் ஏறும்வரை மணியடிக்கவில்லை. வண்டி போனதும் பினுவின் போன். "சேச்சி, இப்போள் சொன்னது ஏது கடையுடெ விளம்பரம்?"

தொண்டை வலிக்கவில்லை.